அப்டேட் ஏறவில்லை என்றால் ஃபார்மட்தான் மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த ஒரு துணுக்கைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் அப்டேட் தொல்லை தந்தால் அதை ஒரேயடியாக நிறுத்திவிடலாம், விண்டோஸின் பின்னணியில் ஓடும் வேலைகளைக் காட்டும் சர்வீஸ் பட்டியலைத் திறந்து ‘டிஸேபிள்’ கொடுத்தால் போதும் என்று நான்கே வரியில் எழுதியிருந்தீர்கள். அன்று மாலைக்குள் அந்தத் துணுக்கைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மூன்று பேர் என் கடைக்கு வந்துவிட்டார்கள், ‘அக்கா, இதை எங்க சிஸ்டத்துல செஞ்சு கொடுங்க’ என்று. மூன்று பேரிடமும் மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கான காரணத்தை அவர்களிடம் நின்றவாக்கில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் செங்கோட்டையில் 2006 முதல் டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பத்திர நகல், ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு, எல்லாம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரே திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தது, இன்றைக்கும் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கால் புளியரைக்கு இந்தப் பக்கம், ஒரு கால் கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம். ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழையிலிருந்து வருகிற தமிழ்க் குடும்பங்களும் இருக்கிறார்கள், ‘சேச்சி, ஒரு பிரிண்ட்’ என்று வருகிற மலையாளிகளும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழில் இல்லை. ஆனால் என் கடையில் ஐந்து சிஸ்டம் ஓடுகிறது, அவற்றை நானே பார்த்துக்கொள்ளப் பழகியதில் அக்கம்பக்கத்துக்காரர்கள் அவரவர் மெஷினையும் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேரளாவுக்குச் சரக்கு ஏற்றுகிற தொழில். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்றால் பெரும்பாலும் இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும், அது இல்லாமல் வண்டி மலையேற முடியாது, ஆகவே அவருக்கு சிஸ்டம் ஒரு நாள் படுத்தால் வண்டியும் படுத்துவிடும். போன ஆடி மாதம் அவருடைய சிஸ்டம் தினமும் காலையில் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தது. ஆன் செய்தால் அப்டேட் முப்பது சதவீதம் வரை போகும், நிற்கும், பிறகு ‘மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம், கணினியை அணைக்க வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு முக்கால் மணி நேரம் சுற்றும். அப்புறம் பழையபடி திறக்கும். மறுநாள் மறுபடியும் அதே கதை. நான்காம் நாள் பொறுக்க முடியாமல் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். ‘ஓ.எஸ். கரப்ட் ஆயிருச்சு அண்ணாச்சி, ஃபார்மட் அடிச்சுப் புதுசாப் போட்டுரலாம், டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும்’ என்றார்கள். ஓ.எஸ். என்றால் விண்டோஸ்தான், ஃபார்மட் என்றால் அது இருக்கும் சி டிரைவை முழுதாக அழிப்பது. சரி என்றார். ஐந்நூறு ரூபாய், ஒரு மணி நேரம், மெஷின் பளபளவென்று வந்துவிட்டது.

டி டிரைவில் இருந்தது அப்படியே இருந்தது உண்மைதான். ஆனால் டாலி என்ற கணக்கு மென்பொருளில் அவர் ஏற்றி வைத்திருந்த கணக்கு டி டிரைவில் இல்லை. டாலியைப் போடும்போது நாமாக வேறு இடம் சொல்லாவிட்டால் அது கணக்கை சி டிரைவில், பப்ளிக் என்ற ஃபோல்டருக்குள்தான் வைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் வைத்ததும், டாக்குமெண்ட்ஸில் வைத்ததும், டவுன்லோட்ஸில் இறங்கியதும் எல்லாம் சி டிரைவ்தான், இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆறு வருடக் கணக்கு போய்விட்டது. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் மீட்டெடுக்க ஏதாவது வழி பார்க்கலாம், அது எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க், அதில் அழித்ததைத் திரும்ப எடுப்பது குதிரைக்கொம்பு. தென்காசியில் இருக்கும் அவருடைய ஆடிட்டரிடம் மார்ச் மாதத்துப் பேக்கப் ஒன்று இருந்தது, அது பிழைத்தது. ஏப்ரலிலிருந்து ஆடி வரைக்குமான பில்களை அண்ணாச்சியின் மனைவியும் மகளும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்போது செமஸ்டர் தேர்வு.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று. ஃபார்மட் அடித்த பிறகு அண்ணாச்சி தன் போனில் இருந்த ஒரு படத்தை என்னிடம் காட்டினார், முதல் நாளே அப்டேட் பக்கத்தை ஏதோ தோன்றிப் படம் எடுத்து வைத்திருந்தார். அதில் பிழை எண் தெளிவாக இருந்தது, 80070070 என்று முடிகிற எண். அதற்கு அர்த்தம் ஓ.எஸ். கெட்டுவிட்டது என்பது இல்லை, டிஸ்க்கில் இடம் இல்லை என்பது. அவ்வளவுதான்! 120 ஜி.பி. டிஸ்க்கில் வாட்ஸ்அப் வீடியோக்களும் இறக்கிய பழைய பி.டி.எஃப்.களும் குவிந்து, சி டிரைவில் மூன்று ஜி.பி.கூட மீதி இல்லாமல் இருந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் துடைத்துக் கொடுத்திருக்கலாம்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான், அப்டேட் ஏறவில்லை என்றால் அந்த எண்ணைப் பாருங்கள், எண்ணைப் பார்க்காமல் ஃபார்மட் அடிக்கவும் விடாதீர்கள், அப்டேட்டையே நிறுத்தவும் செய்யாதீர்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குள் ‘அப்டேட் ஹிஸ்டரி’ என்று ஒன்று இருக்கிறது, எது ஏறியது, எது ஏறவில்லை, என்ன எண் என்று அதில் தெரியும். கே.பி. என்று தொடங்குகிற இன்னொரு எண்ணும் இருக்கும், அது அந்த அப்டேட்டின் பெயர் மாதிரி. இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள். காய்ச்சல் என்றால் டாக்டர் முதலில் தெர்மாமீட்டர் வைக்கிறார் இல்லையா, அது மாதிரி.

நிறுத்தினால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய செய்தியை ஞாபகப்படுத்துகிறேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தாக்குதல் உலகம் முழுக்கப் பரவியது, திரையில் சிவப்புப் பெட்டி வந்து உங்கள் ஃபைல் எல்லாம் பூட்டப்பட்டது, முந்நூறு டாலர் கட்டு என்று கேட்டதே, அதுதான். அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் இருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். பெரிய பெரிய நாடுகளின் ஆஸ்பத்திரிகள் மட்டும் இல்லை, ஆந்திர போலீஸ் கணினிகளும் மாட்டின, கேரளாவில் வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகமும், பத்தனம்திட்டா மாவட்டத்தில் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகமும் மாட்டின. அருவாப்புலம் எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை, நாங்கள் கும்பிடப் போகிற அச்சன்கோவிலிலிருந்து ஆறு இறங்கிப் போகிற கோன்னிப் பக்கத்து ஊர். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் நானும் என் கடையில் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிக்கொண்டே வந்த ஐந்து மெஷினுக்கும் உட்கார்ந்து அப்டேட் போட்டேன். என் மெஷினில் ஊர் மக்களின் ஆதார் நகல், நிலப் பத்திரம், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் கிடக்கிறது. எனக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காகவாவது போட்டுத்தான் ஆக வேண்டும்.

மக்கள் அப்டேட்டுக்குப் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சிலருடைய சொந்த ஃபைல்களையே அழித்துவிட்டது, மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்துச் சரிசெய்து மறுபடி வெளியிட்டது. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க நீலத் திரை வந்து விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்களே, அதையும் எல்லோரும் விண்டோஸ் அப்டேட்டின் கணக்கில்தான் எழுதுகிறார்கள், ஆனால் அது விண்டோஸ் அப்டேட் இல்லை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருளுக்கு வந்த கோளாறான ஃபைல். 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. பயத்துக்கு மருந்து பேக்கப். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாதம் ஒரு முறை கணக்கையும் படங்களையும் அதில் போட்டு, கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால் முக்கால்வாசிப் பயம் போய்விடும்.

இனி எண்ணைப் பார்த்து என்ன செய்வது என்று வருகிறேன். என் அனுபவத்தில் இந்தப் பக்கத்து மெஷின்களில் அடிக்கடி பார்ப்பவை மட்டும் சொல்கிறேன்.

இடம் இல்லாததுதான் அதிகம். மாதாந்திர அப்டேட்டுக்குச் சில ஜி.பி. போதும், ஆனால் ஒரு வெர்ஷனிலிருந்து அடுத்த வெர்ஷனுக்குப் போகிற பெரிய அப்டேட் என்றால் சி டிரைவில் இருபது ஜி.பி.யாவது காலியாக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் டெம்பரரி ஃபைல்கள், பழைய விண்டோஸ் மிச்சம் எல்லாம் எவ்வளவு இடம் அடைக்கின்றன என்று காட்டும், டிக் போட்டுத் துடைக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒன்று இருக்கும், அதில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டுவிடாதீர்கள், நம் ஆட்கள் ஹால் டிக்கெட்டிலிருந்து வில்லங்கச் சான்று வரை இறக்கிய எதையும் வேறு இடத்துக்கு மாற்றாமல் அங்கேயேதான் விட்டு வைப்பார்கள்.

அடுத்தது தேதி. இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். குளத்துப்புழை ரப்பர் தோட்டத்திலிருந்து, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பத்துப் பெண் ஒருத்தி, பழைய சி.பி.யு. ஒன்றைத் துணிப்பையில் கட்டி பஸ்ஸில் கொண்டு வந்தாள். ‘அக்கா, அப்டேட்டும் ஆகல, எந்த வெப்சைட் போனாலும் பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுது, மதர்போர்டு போச்சுன்னு ஒரு கடையில சொன்னாங்க.’ ஆன் செய்து பார்த்தால் மூலையில் 2012-ஆம் வருடம் காட்டுகிறது. போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு தடவை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதி பின்னால் ஓடிவிடும், தேதி தப்பாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது. ஐம்பது ரூபாய்க்குள் பேட்டரி, மாற்றித் தேதியைச் சரிசெய்தேன், ஒரு மதியத்தில் எல்லா அப்டேட்டும் ஏறிவிட்டது. மதர்போர்டு நன்றாகத்தான் இருந்தது.

இன்டர்நெட் விஷயமும் இருக்கிறது. எங்கள் பக்கம் நிறையப் பேர் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் கம்ப்யூட்டரை ஓட்டுகிறார்கள். அந்த இணைப்பு ‘மீட்டர்ட்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் உங்கள் டேட்டாவைச் சாப்பிடக் கூடாது என்று பெரும்பாலான அப்டேட்டுகளைத் தானாக இறக்காது, அது கோளாறு இல்லை. புளியரை எஸ் வளைவு பக்கம் வீடு உள்ளவர்களுக்கு சிக்னல் வந்து வந்து போகும், பாதி இறங்கி அறுந்த ஃபைல்கள் உள்ளே சேர்ந்துகொண்டு அடுத்த முயற்சியையும் கெடுக்கும். இப்படிப்பட்ட மெஷினை ஒரு நாள் நல்ல பிராட்பேண்ட் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்டேட் செய்தாலே பாதி தீர்ந்தது. ஒன்றுக்கு மேல் சிஸ்டம் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு இன்னொரு வழி, ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற இடத்தில் உள்ளூர் நெட்வொர்க்கில் இருக்கிற மற்ற கணினிகளிடமிருந்தும் வாங்கலாம் என்று வைத்துவிட்டால் ஒரு மெஷின் இறக்கியதை மற்றவை பகிர்ந்துகொள்ளும். என் ஐந்து மெஷினுக்கும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், டேட்டா நன்றாகவே மிச்சமாகிறது.

அறுந்த ஃபைல்களைத் துடைப்பதற்கும் வழி உண்டு. சர்வீஸ் பட்டியலைத் திறந்து (உங்கள் துணுக்கு சொன்ன அதே இடம்தான்!) விண்டோஸ் அப்டேட், அதோடு பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் என்ற இரண்டையும் ‘ஸ்டாப்’ மட்டும் கொடுங்கள், டிஸேபிள் வேண்டாம். பிறகு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதன் பெயருக்குப் பின்னால் ‘ஓல்ட்’ என்று சேர்த்துப் பெயரை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் புதிதாக ஒரு ஃபோல்டரை உண்டாக்கி முதலிலிருந்து சுத்தமாக இறக்கும். உங்கள் சொந்த ஃபைல் எதுவும் அதில் இல்லை, பயப்பட வேண்டாம். எல்லாம் நன்றாக ஏறிய பிறகு பழையதை அழித்துவிடலாம், அதுவும் சில ஜி.பி. மிச்சம்.

80073712 என்று முடிந்தால் கதை வேறு, விண்டோஸ் தன் பாகங்களின் நகலைச் சேர்த்து வைத்திருக்கும் கிடங்கு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டளையை டைப் செய்கிற கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறந்து முதலில் டிஸ்ம் (DISM) கட்டளை, அது முடிந்த பிறகு எஸ்.எஃப்.சி. (SFC) கட்டளை, இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் டிஸ்ம் கிடங்கைச் சரிசெய்கிறது, எஸ்.எஃப்.சி. அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துத்தான் கெட்ட ஃபைலை மாற்றுகிறது. கட்டளைகளின் முழு எழுத்து மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்தில் கிடைக்கும், பார்த்து அப்படியே அடிக்கலாம். பாதியில் நின்றுபோனது போலத் தெரியும், மூடிவிடாதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

அப்டேட் செய்யும்போது தேவையில்லாமல் சொருகியிருக்கும் சாமான்களைக் கழற்றி வையுங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைரேகைக் கருவி, பில் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பென் டிரைவ், எல்லாவற்றையும். பெரிய அப்டேட்டுகள் இவற்றின் டிரைவரில் போய் முட்டிக்கொண்டு திரும்பிவிடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடுகிற மெஷின்களிலும் இதே தொல்லை.

எதைச் செய்தும் ஏறவில்லை, அப்போதாவது ஃபார்மட் அடிக்கலாமா? அப்போதும் கூடாது, இன்னும் ஒரு படி இருக்கிறது. இதைத்தான் ஒவ்வொரு சர்வீஸ் கடையும் முதலில் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேலேயே புதிய விண்டோஸைப் போட முடியும், விண்டோஸ் 10 என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டினால், சொந்த ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள் என்று ஒரு தேர்வு வரும். அதைக் கொடுத்தால் ஓ.எஸ். மட்டும் புதிதாகும், டாலி, பாமினி எழுத்துரு, மலையாள விசைப்பலகை, பிரிண்டர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். விண்டோஸ் 11-இன் புதிய வெர்ஷன்களில் இதற்கு ரிக்கவரி பக்கத்திலேயே ஒரு பட்டன் வந்துவிட்டது. ஐந்தாறு ஜி.பி. டேட்டா ஆகும், ஒரு மதியப் பொழுது ஆகும், அவ்வளவுதான் செலவு.

சில நேரம் தப்பு நம் மெஷினில் இருக்காது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட் 80070643 என்ற எண்ணோடு திரும்பத் திரும்பத் தோற்றது. காரணம், ரிக்கவரி பார்ட்டிஷன் என்று டிஸ்க்கில் ஒளிந்திருக்கும் சின்னப் பகுதியில் 250 எம்.பி. காலியிடம் வேண்டும், பல மெஷின்களில் அது இல்லை. மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்ட பிரச்சினை. மற்ற அப்டேட்டெல்லாம் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது, மெஷின் நன்றாகவே வேலை செய்தது, ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயந்து இங்கே எத்தனை பேர் ஃபார்மட் அடித்தார்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களை எண்ணினாலே ஒரு கை விரல் போதாது.

இன்னொன்றையும் பட்டென்று சொல்லிவிடுகிறேன். ஃபார்மட் அடித்துப் போட்டுத் தருகிற விண்டோஸ் பல கடைகளில் திருட்டு நகல். அதில் சில நகல்களை ‘லைட்’ என்று சொல்லித் தருவார்கள், வேகமாக இருக்கும், ஏனென்றால் அப்டேட் சேவையையே வெட்டியோ முடக்கியோ வைத்திருப்பார்கள். 80070422 என்ற எண் வந்தால் அந்தச் சேவை முடக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதில் உட்கார்ந்துகொண்டு பேங்க் பாஸ்வேர்டு அடிப்பது கதவில்லாத வீட்டில் நகையைக் கழற்றி வைப்பது போல.

இதற்கெல்லாம் சர்வீஸ் கடைப் பையன்களை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஃபார்மட் அடித்தால் ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறோம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து என்ன பிரச்சினை என்று கண்டுபிடித்து, ஒரு ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ‘இதுக்கா தம்பி காசு?’ என்று கேட்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை என்றால் யார்தான் கண்டுபிடிப்பார்கள்? ஐந்நூறு ரூபாயை அதற்கே கொடுத்துவிடுங்கள், உங்கள் கணக்கும் படங்களும் அதைவிட எத்தனையோ மடங்கு விலை. கடைக்காரர்களும் ரசீதில் பிழை எண் என்ன, சி டிரைவில் என்னென்ன இருந்தது, பேக்கப் எடுத்தாயிற்றா என்று மூன்றே வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் பிற்பாடு சண்டை வராது.

விண்டோஸ் 10 பற்றியும் சொல்லிவிட வேண்டும், இப்போது கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது அதுதான். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஆனால் அன்றோடு மெஷின் நின்றுவிடாது, வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்க ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு இல்லாமலே சேரலாம். அதற்கு உங்கள் விண்டோஸ் 10 கடைசி வெர்ஷனான 22எச்2-வில் இருக்க வேண்டும், அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் ‘இந்தக் கணினி தகுதி இல்லை’ என்று வருகிறதே என்பார்கள். 2018-க்குப் பிறகு வாங்கிய மெஷின் என்றால் உடனே புதிது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள், டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லு, விண்டோஸ் திறப்பதற்கு முன்னால் வரும் பயாஸ் என்ற அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், அதை ஆன் செய்தாலே பல மெஷின்கள் தகுதி பெற்றுவிடும். அதைவிடப் பழையதற்கு, 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த முதல் லேப்டாப்கள் இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கின்றன, அவற்றுக்கு விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற ஓ.எஸ்.தான் சரி. மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிகளில் வருடக்கணக்காகப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள், ஆரியங்காவிலிருந்து என் கடைக்கு வருகிற ஒன்பதாம் வகுப்புப் பையன் விண்டோஸைப் பார்த்துத்தான் தடுமாறுகிறான்.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மைக்ரோசாஃப்ட் மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுகிறது. நமக்கு அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி, அதனால்தான் மறுநாள் புதன்கிழமை காலையில் எல்லாக் கடையிலும் சிஸ்டம் திணறுகிறது. உங்கள் நாளிதழில் தினமும் ‘இன்றைய மின்தடை’ போடுகிறீர்கள், செங்கோட்டை துணைமின் நிலையம், காலை 9 முதல் மாலை வரை, என்னென்ன தெருக்கள் என்று. நான் அப்டேட் போடும் நாளில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன், அப்டேட் ஏறும் பாதியில் கரண்ட் போவதைப் போல ஒரு மெஷினைக் கெடுப்பது வேறொன்றில்லை. சாரல் காலத்தில் மரம் சாய்ந்து சொல்லாமலும் போகும், அதற்கு யு.பி.எஸ். வேண்டும், லேப்டாப் என்றால் சார்ஜ் நிறைய இருக்க வேண்டும். அந்த மின்தடைப் பகுதிக்குக் கீழேயே, மாதம் ஒரு நாள் மட்டும், நான்கு வரி போடுங்கள். இந்த மாத அப்டேட் வந்துவிட்டது, கே.பி. எண் இது, ஏதாவது பிரச்சினை இருப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தால் அது இன்னது, மின்தடை இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள் என்று. நீங்கள் போட்ட துணுக்குக்கு எடுத்துக்கொண்ட இடம்தான் இதற்கும் ஆகும்.

கத்தரித்துக்கொண்டு வந்த அந்த மூன்று பேரில் இரண்டு பேரின் மெஷினை நான் வாங்கி வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றில் இடம் இல்லை, இன்னொன்றில் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டர், இரண்டும் இப்போது சரியாக ஓடுகின்றன. மூன்றாமவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், அவர் உங்கள் நாளிதழைத் தவறாமல் வாசிக்கிறவர். அடுத்த இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள் அந்த நான்கு வரி வந்தால் அவர் கண்ணிலும் படும்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
செங்கோட்டை.